கல்லுக்கு ரயில் கட்டணம்

(நிலக்கரியை நீரில்லாமல் தரம் உயர்த்துவது பற்றி, புணேயில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ராஸ்தா பேட்டிலிருந்தும் கட்கியிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களுக்கும், பிம்ப்ரி சிஞ்ச்வாட் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் நன்றி. நிலக்கரி பற்றிய பேச்சு என்று அழைப்பிதழில் போட்டும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். புணேயில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது, அனல்மின் நிலையமும் கிடையாது. ஆனால் இந்த மேடையில் விளக்கு எரிவதற்காகச் சந்திரபூரிலோ கோராடியிலோ கரி எரிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கரியில் பாதிக்குச் சற்றே குறைவானது கரியே அல்ல என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கரி ஏற்றிய ஒரு சரக்கு ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ரேக் என்பார்கள். 58 வேகன், ஏறத்தாழ 4,000 டன். நம் மின் நிலையங்களுக்குப் போகும் உள்நாட்டுக் கரியில் சாம்பல் 35 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். 40 என்று வைத்துக்கொள்வோம். 1,600 டன் ஆகிறது. அதாவது 58 வேகனில் 23 வேகன். சாம்பல் என்று நாம் சொல்வது எரித்த பிறகு மிஞ்சுவது. எரிப்பதற்கு முன் அது கல், களிமண், மணல். அந்த 23 வேகனுக்கும் ரயில்வே முழுக் கட்டணம் வாங்கிக்கொள்கிறது. டீசலும் மின்சாரமும் செலவழித்து ஏற்றிச் சென்று, அரைத்துப் பொடியாக்கி, கொதிகலனில் தூவி, சூடேற்றி, புகைபோக்கிக்கு முன்னால் பிடித்து, மறுபடி தண்ணீரில் கரைத்துக் குட்டையில் கொட்டுகிறோம். தமிழ்நாட்டுக்கு இன்னும் நீண்ட பயணம். ஒடிசாவின் தால்சேரில் ஏறும் கரி பாராதீப் துறைமுகம் வந்து, கப்பல் மாறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஒடிசாவின் மண்தான் கடல்வழியே வந்து கொசஸ்தலையாற்றில் சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு கல் எப்படி வந்தது? இரண்டு வழியில் வந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் இன்றைய பேச்சில் பாதி முடிந்துவிடும்.

முதல் வழி மிகப் பழையது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரும்பாலான கரிப்படுகைகள், சதுப்புக்காடு நின்ற இடத்திலேயே புதைந்து உண்டானவை. நம்முடையது கோண்டுவானாக் கரி. ராணிகஞ்ச், ஜாரியா, தால்சேர், கோர்பா, கோதாவரிப் பள்ளத்தாக்கு, நம் மாநிலத்தின் வார்தா பள்ளத்தாக்கு எல்லாம் இந்த வகை. 25 கோடி ஆண்டுக்கும் முன்னால், பெர்மியன் காலத்தில், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த தாவரக் கழிவு பள்ளங்களில் படிந்து இவை உண்டாயின என்பது நிலவியலாளர் பலரின் கருத்து. வெள்ளம் இலைதழையை மட்டும் பொறுக்கியா கொண்டுவரும்? வண்டலையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தது. அதனால் கரியின் இழைக்குள்ளேயே மண் நுணுக்கமாகக் கலந்துவிட்டது. கந்தகம் குறைவு என்பது நமக்குக் கிடைத்த ஆறுதல். சாம்பலோ கரியின் உடம்போடு பிறந்தது.

இரண்டாவது வழி நம் காலத்தில் வந்தது. இன்று இந்தியாவில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட கரி திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து வருகிறது. கரிப்படுகைக்கு மேலும் கீழும் நடுவிலும் ஷேல் என்னும் களிக்கல் அடுக்குகள் உண்டு. வெடி வைத்து, வீடளவு எந்திரத்தால் வாரும்போது அந்த அடுக்கும் சேர்ந்தே லாரியில் ஏறிவிடும். இந்தக் கல் கரியின் உடம்பில் இல்லை. பக்கத்தில் வந்து சேர்ந்தது. கையில் எடுத்தால் தெரியும். கரி எடை குறைவாக, கறுத்து, விரலில் ஒட்டும். களிக்கல் சாம்பல் நிறத்தில், அதே அளவு கரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும்.

ஆய்வகத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. மூழ்கு-மிதவைச் சோதனை என்று சொல்லலாம். துத்தநாகக் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து, வெவ்வேறு அடர்த்தியில் வரிசையாக வாளிகளில் வைப்பார்கள். 1.4, 1.5, 1.6 என்று ஏறிக்கொண்டே போகும். உடைத்த கரியை முதல் வாளியில் போட்டால் சுத்தமான கரி மிதக்கும், மற்றது மூழ்கும். மூழ்கியதை வடித்து அடுத்த வாளியில் போடுவார்கள். நல்ல வெளிநாட்டுக் கரியென்றால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பெரும்பகுதி முதல் வாளியிலேயே மிதந்துவிடும், கல் கடைசி வாளி வரை மூழ்கிக்கொண்டே போகும், நடுவில் கிடப்பது கொஞ்சம். நம் கரியில்தான் வேடிக்கை. 1.5-க்கும் 1.7-க்கும் இடையில் ஒவ்வொரு வாளியிலும் கைநிறைய மிதந்து வரும். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் மினுமினுப்பான ஒரு கோடு, மங்கலான ஒரு கோடு, மறுபடி மினுமினுப்பு என்று அடுக்கடுக்காக இருக்கும். இது கரியா கல்லா என்றால் இரண்டும்தான். எந்த எந்திரத்திடம் கொடுத்தாலும் இந்த நடுவாந்திரத் துண்டுதான் தகராறு செய்யும்.

கழுவுவது என்று பொதுவாகச் சொன்னாலும், அழுக்குப் போகக் குளிப்பாட்டுவது அல்ல அது. மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கி, தண்ணீரையே கனமாக்கி, கரியை மிதக்கவும் கல்லை மூழ்கவும் விடுவதுதான் தேர்ந்த முறை. ஆய்வகத்து வாளிதான், பெரிய அளவில். இந்தியாவில் டாட்டா ஸ்டீல் 1951-ல் மேற்கு பொகாரோவிலும் 1952-ல் ஜாமடோபாவிலும் வாஷரி எனப்படும் கழுவும் ஆலை தொடங்கியது. அது உருக்கு ஆலைக்கு. ஊதுலைக்குப் போகும் கரியில் சாம்பலை 17, 18 சதவீதத்துக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்பதால் அங்கே கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கரியைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. மின்சாரத்துக்கு எரிக்கும் கரியைப் பற்றியே பேசுகிறேன்.

அதற்கு 1997-ல்தான் விதி வந்தது. சுரங்கத்திலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மின் நிலையங்களும், நகர்ப்புறத்திலும் மாசு மிகுந்த பகுதியிலும் உள்ளவையும் 34 சதவீதத்துக்கு மேல் சாம்பலுள்ள கரியை எரிக்கக் கூடாது என்றது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். 2001 ஜூனிலிருந்து அமல். 2014-ல் அந்தத் தூரத்தை 500 கிலோமீட்டராகக் குறைத்து, படிப்படியாக அமல்படுத்தச் சொன்னார்கள். வாஷரிகள் முளைத்தன. கழுவாமல் இறக்குமதிக் கரியைக் கலந்து சராசரியைச் சரிக்கட்டியவர்களும் உண்டு. 2020 மே 21-ஆம் தேதி, கொரோனா ஊரடங்கு நடுவில், அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். கழுவுவதால் மாசு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுகிறதே தவிரக் குறையவில்லை, கழுவும்போது பிரித்தெடுத்த ஒதுக்குக் கரி வெளிச்சந்தைக்குப் போய் எங்கோ எரிகிறது, செலவுதான் மிச்சம் என்பது அமைச்சகம் சொன்ன காரணங்களின் சாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்காக வரம்பையே எடுத்ததை நான் ஏற்கவில்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

நீரில்லாத முறை என்றதும் எல்லோரும் தண்ணீர்ச் சிக்கனம் என்றே நினைப்பார்கள். நாம் இருப்பது மகாராஷ்டிரம், நினைப்பது இயல்பு. பீட் மாவட்டத்துப் பர்ளி அனல்மின் நிலையம் தண்ணீர் இல்லாமல் 2013-ல் நின்றது, 2015-ல் மறுபடி நின்றது. மின்சாரமும் தண்ணீரும் மோதிக்கொள்வது புணேக்கும் புதிதல்ல. மும்பைக்கு மின்சாரம் எடுக்க முல்ஷியில் டாட்டா அணை கட்டியபோது, நிலம் மூழ்கப்போகிற விவசாயிகள் 1921-ல் சத்தியாக்கிரகம் செய்தார்கள். சேனாபதி பாபட் என்ற பெயரே அந்தப் போராட்டத்தில்தான் நிலைத்தது.

ஆனாலும் கணக்கு கணக்குதான். ஒழுங்காக நடக்கும் மூடிய சுற்று வாஷரியில் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். புதிதாக ஊற்ற வேண்டியது டன்னுக்குச் சில நூறு லிட்டருக்குள் அடங்கும். 200 லிட்டர் என்று வைப்போம். ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிலோ கரி வேண்டும். ஆக, கழுவுவதற்கு 140 லிட்டர். அதே மெகாவாட்-மணிக்கு, நீராவியைக் குளிர்விப்பதையும் சேர்த்து, ஒரு பழைய மின் நிலையம் 3,500 லிட்டர் வரை செலவழிக்கலாம் என்று 2015-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. 3,500-க்கு முன்னால் 140 எம்மாத்திரம்? பர்ளி நின்றது கரி கழுவியதால் அல்ல. ஆகவே தண்ணீரைக் காப்பாற்ற உலர் முறை என்று யாராவது உங்களிடம் எந்திரம் விற்க வந்தால், கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

தண்ணீரின் தொல்லை எவ்வளவு செலவாகிறது என்பதில் இல்லை. கழுவி முடித்த பிறகு அது எங்கே போய் நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு பகுதி கரியிலேயே ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பகுதி நுண்கரியும் களியும் கலந்த கறுப்புச் சேறாகக் குட்டையில் நிற்கிறது. மழையில் அந்தக் குட்டை உடைத்துக்கொண்டால் ஓடை கறுக்கும். தாமோதர் நதிக்கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கரியில் ஒட்டும் தண்ணீருக்கு ஒரு மனக்கணக்குப் போடலாம். 40 சதவீதச் சாம்பல், 6 சதவீத ஈரம் உள்ள கரி. எரியும் பொருள் மிச்சம் 54. கிலோவுக்கு 3,700 கிலோகலோரி என்று கொள்வோம். கல்லை நீக்கிச் சாம்பலை 34-க்கு இறக்கினால் எரியும் பொருள் 60 ஆகும், வெப்பம் 4,100-ஐத் தொடும். 400 லாபம். இதையே நீரில் செய்து, ஈரம் 6-லிருந்து 10 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் தண்ணீரின் எடையும், அதை ஆவியாக்கச் செலவாகும் வெப்பமும் போக, மிஞ்சுவது 3,900 சொச்சம். லாபத்தில் பாதியைத் தண்ணீர் குடித்துவிட்டது. பெரிய கட்டிகளை மட்டும் கழுவினால் இழப்பு குறையும், ஏனென்றால் கட்டியில் தண்ணீர் வடிந்துவிடும், பொடியில்தான் நிற்கும். ஆனால் கொள்கை இதுதான்: கல்லை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை ஏற்றி ரயிலில் அனுப்புகிறோம்.

சரி, உலர் முறைக்கு வருவோம். இங்கே இருக்கும் அம்மாக்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசியில் கல் கிடந்தால் இரண்டு வழி. தண்ணீர் விட்டு அரிப்பது ஒன்று. முறத்தில் போட்டுக் கொழிப்பது இன்னொன்று. முறத்தை ஒரு பக்கம் சாய்த்து, தட்டித் தட்டி அசைத்தால் கனமான கல் ஒரு மூலைக்குப் போகும், லேசானது மேலே வந்து இன்னொரு பக்கம் சரியும். உலகத்தில் இன்று அதிகம் விற்கும் உலர் கரி எந்திரம் செய்வது ஏறக்குறைய இதைத்தான். ஒரு மேசை, சாய்வாக நிற்கிறது. அதில் முழுக்கத் துளைகள். கீழேயிருந்து காற்று ஊதுகிறது. மேசை அதிர்கிறது. கரியைக் கொட்டினால் பொடி காற்றில் பொங்கி, கொதிக்கும் கஞ்சிபோல் ஒரு படுகையாகிறது. அந்தப் படுகையில் கரி மேலெழுந்து முன்விளிம்பில் வழிகிறது. கல் அடியில் தங்கி, மேசையில் பதித்த வரம்புகளைப் பிடித்துக்கொண்டே மறுகோடிக்கு நகர்ந்து விழுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் விளிம்பு நெடுகிலும் நிறம் மாறிக்கொண்டே போவது தெரியும். முதலில் கறுப்பு, பிறகு கறுப்பும் பழுப்பும், கடைசியில் வெறும் சாம்பல் நிறக் கல். எந்த இடத்தில் தடுப்புப் பலகையை வைத்துக் கரி இதுவரை, ஒதுக்கு இதற்குமேல் என்று பிரிப்பது என்பதில்தான் ஆபரேட்டரின் கைத்திறமை. சீனாவின் தாங்ஷான் நகரத்து நிறுவனமொன்று எஃப்ஜிஎக்ஸ் என்ற பெயரில் செய்யும் மேசை பல நாடுகளுக்குப் போயிருக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. எல்லாவற்றுக்கும் முந்திய உலர் முறை கையால் பொறுக்குவது. இங்கிலாந்தில் 1842-ல் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று சட்டம் வந்தபின், லங்காஷயரில் அவர்கள் சுரங்க வாயிலில் நின்று கரியிலிருந்து கல் பொறுக்கினார்கள். அந்த வேலையையும் பறிக்கப் பார்த்தபோது எதிர்த்து நின்றார்கள். காற்று மேசைகள் அமெரிக்காவில் 1920-களிலேயே இருந்தன. அதே காலத்தில் ஃப்ரேசர், யான்சி என்ற இருவர் மணலுக்கு அடியிலிருந்து காற்றை ஊதி, மணலையே திரவம்போல் ஆக்கி, அதில் கரியை மிதக்கவிட்டுக் காட்டினார்கள். பிறகு ஏன் அந்தத் தொழில் தேய்ந்தது? சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலைக் காப்பாற்ற, தூசி அடங்க, சுரங்கத்துக்குள் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார்கள். நியாயமான காரியம். கரி நனைந்தே மேலே வந்தது, காற்று மேசை படுத்துவிட்டது. நனைந்த கரியை எப்படிப் புடைப்பது?

அந்த மணல் யோசனை சீனாவில் மறுபிறவி எடுத்தது. ஷூஜோ நகரத்துச் சுரங்கப் பல்கலைக்கழகத்தில் சென் சிங்ரூ என்ற பேராசிரியரின் குழு, மணலுக்குப் பதில் மேக்னடைட் மாவைக் காற்றால் திரவமாக்கியது. 1994-ல் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் சிதாய்ஹேயில் மணிக்கு 50 டன் பிரிக்கும் ஆலை வந்தது. சீனா இதில் இத்தனை அக்கறை காட்டியதற்கு அவர்கள் கரியில் பெரும்பகுதி வறண்ட வடக்கிலும் மேற்கிலும் கிடப்பதும் ஒரு காரணம்.

இப்போது புடைக்காமல், பார்த்தே பொறுக்கும் எந்திரங்களும் வந்துவிட்டன. கன்வேயர் பெல்ட்டில் ஓடும் ஒவ்வொரு கட்டியையும் எக்ஸ்-ரே ஊடுருவிப் பார்க்கிறது. கரி பெரும்பாலும் கார்பன், லேசான அணு, எக்ஸ்-ரே சுலபமாகக் கடக்கும். கல்லில் சிலிக்கானும் அலுமினியமும் இரும்பும் இருப்பதால் மறுபக்கம் இருண்டு தெரியும். கட்டி பெல்ட்டின் முனையிலிருந்து விழுந்து தரையைத் தொடுவதற்குள் காற்றுக் குழாய் ஒன்று ‘புஸ்’ என்று ஊதிக் கல்லைத் தனித் தொட்டியில் தள்ளிவிடும். நம் நாட்டிலும் விசாகப்பட்டினத்து ஆர்டி ஹைடெக் நிறுவனம் கதிரைக் கொண்டு பிரிக்கும் ஆர்டிசார்ட் என்ற எந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. லங்காஷயர்ப் பெண்ணின் கண்ணும் கையும் செய்த அதே வேலைதான். கட்டி பெரிதாக இருக்கும்வரை நன்றாகச் செய்யும்.

இனி குறைகள். விற்பனையாளர் கையேட்டில் இவை இருக்காது.

முதல் குறை கூர்மை. நீரில் மேக்னடைட் முறை அடர்த்தியை மெல்லிய கத்தியால் வெட்டும். காற்று மேசை மொண்ணைக் கத்தி. நான் சொன்ன அந்த நடுவாந்திரத் துண்டுகளை அது இரண்டு பக்கமும் சிதறவிடும். எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். 40 சதவீதச் சாம்பலுள்ள 100 டன் கரியை 34-க்கு இறக்க வேண்டும். ஒதுக்கில் சாம்பல் 70 சதவீதம் இருக்கும்படி சுத்தமாகப் பிரித்தால் ஒதுக்கு 17 டன்னுக்குள் முடிந்தது. கத்தி மொண்ணையாகி, ஒதுக்கில் சாம்பல் 60 மட்டுமே இருந்தால் 23 டன்னைத் தூக்கிப் போட வேண்டும். அந்தக் கூடுதல் ஆறு டன்னில் பாதிக்கு மேல் நல்ல கரி. ஆகவே உலர் முறையிடம் 34-ஐயோ 30-ஐயோ வற்புறுத்தக் கூடாது. கரியின் உடம்போடு பிறந்த சாம்பலை அது தொடாது, தொட முடியாது. பக்கத்தில் வந்து ஒட்டிய கல்லை எடுக்கும். 42-ஐ 38 ஆக்கினால் அதற்கு நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். மின் நிலையத்துக்கு அதுவே பெரிய காரியம். அரைவை எந்திரத்தின் உருளையையும் கொதிகலன் குழாயையும் தேய்ப்பது பெரும்பாலும் இந்தக் கல்லில் உள்ள குவார்ட்ஸ்தான்.

இரண்டாவது குறையை இந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை யாரும் நினைவூட்ட வேண்டாம். கரியின் மேல் ஈரம் 7, 8 சதவீதத்தைத் தாண்டினால் மேசையில் பொடியெல்லாம் களியோடு சேர்ந்து பிசுபிசுக்கும், துளை அடைக்கும், படுகை பொங்காது. சந்திரபூரிலும் கோர்பாவிலும் தால்சேரிலும் அதே மழைதான். கரிக்குவியலுக்குக் கூரை போடலாம், பொடியை முன்கூட்டியே சலித்து ஒதுக்கிவிடலாம். அப்படியும் மழைக்காலத்தில் சில வாரம் எந்திரம் சும்மா நிற்கும். திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் 330 நாள் ஓடும் என்று எழுதிவிடுகிறார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்னவர்களுக்கு இருந்த பருவ ஞானம் அந்த அறிக்கைகளில் இல்லை.

மூன்றாவது, தூசி. சேறு இல்லையென்றால் தூசி இருக்கும். துணிப்பை வடிகட்டிகளை ஒழுங்காகப் பராமரிக்காத உலர் ஆலை, கழுவும் ஆலையைவிட மோசம். கரித்தூசி வெடிக்கும், கல்தூசி நுரையீரலில் தங்கும். இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்காத எந்த ஒப்பந்தத்தையும் நான் நம்பமாட்டேன்.

இதுவரை கல்லை எடுப்பது பற்றிப் பேசினோம். தண்ணீரையே எடுத்துத் தரம் உயர்த்தும் கதை ஒன்று நம் தமிழ்நாட்டில் உண்டு, அதை விட்டுவிட்டால் நெய்வேலிக்காரர்கள் கோபிப்பார்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் சாம்பல் குறைவு. ஆனால் எடையில் பாதி தண்ணீர். 1960-களில் அங்கே அதை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றில்லாமல் சுட்டு லெக்கோ என்ற பெயரில் விற்றார்கள். கேஸ் சிலிண்டர் பரவுவதற்கு முன் எத்தனையோ வீட்டிலும் டீக்கடையிலும் லெக்கோ அடுப்பு எரிந்தது. முன்வரிசையில் சிலர் தலையாட்டுகிறீர்கள். அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவின் கோல் கிரீக் மின் நிலையத்தில் 2009 முதல், வீணாய்ப் போகும் வெப்பத்தைக் கொண்டே பழுப்புக் கரியின் ஈரத்தை 38-லிருந்து 29 சதவீதத்துக்கு இறக்குகிறார்கள். உலர்த்தும் காற்றுப் படுகையிலேயே கனமான பைரைட் கல்லும் அடியில் தங்கிவிடுவதால் கந்தகமும் பாதரசமும் குறைகின்றன. ஒரே காற்றில் இரண்டு வேலை.

சரி, உலர் எந்திரத்தை எங்கே வைப்பது? சுரங்க வாயிலில், ரயில் ஏறுவதற்கு முன்னால் வைக்க வேண்டும். மின் நிலையத்தில் வைத்தால் ரயில் கட்டணம் கொடுத்தாயிற்று, கல்லும் வந்து சேர்ந்தாயிற்று. நடுவழியில் தனியார் ஆலையில் வைத்தால் எடுத்தது கல்லா நல்ல கரியா, ஒதுக்கு யாருக்குப் போனது என்ற கேள்விக்கு முடிவே இருக்காது. சுரங்க வாயிலில் வைத்தாலும் ஒதுக்கைச் சும்மா பள்ளத்தில் தள்ளிவிட முடியாது. அதில் கரி மிச்சம் இருந்தால் குவியலில் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அந்த வகை ஒதுக்கைக் காற்றால் பொங்கும் படுகையில் எரிக்கவென்றே பாய்மப் படுகைக் கொதிகலன்கள் இருக்கின்றன. அவற்றைச் செய்கிறவர்களில் ஒருவர் நம் புணேயின் தெர்மாக்ஸ். 70 சதவீதச் சாம்பலைத் தாண்டிய உண்மையான கல் பள்ளத்துக்கே திரும்பட்டும். அதற்கும் முந்திய படி ஒன்று உண்டு: கலக்காமலே வெட்டுவது. வெடி வைக்காமல் படுகையை மெல்லிய அடுக்காகச் சீவி எடுக்கும் எந்திரங்கள் மகாநதி கோல்ஃபீல்ட்ஸ் சுரங்கங்களில் ஓடுகின்றன. களிக்கல் வரும்போது தனியே சீவிவிடலாம். அங்கே கலக்காமல் எடுத்த கல்லைப் பிறகு யாரும் பிரிக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் இது எங்கும் நடக்கவில்லை? எந்திரம் இல்லாததால் அல்ல. மகாராஷ்டிர அரசின் மின் உற்பத்திக் கழகமும் குஜராத்தின் கழகமும் கரி விற்கும் அரசு நிறுவனமான கோல் இந்தியா மீது, கல்லும் தரக்குறைவும் பற்றி இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டன. 2013 டிசம்பரில் ஆணையம் கோல் இந்தியாவுக்கு 1,773 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகி, 2017-ல் மறுவிசாரணைக்குப் பின் 591 கோடியாகக் குறைந்தது. போட்டிச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்ற கோல் இந்தியாவின் வாதத்தை 2023-ல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. பத்தாண்டு வழக்கு. அத்தனை ஆண்டும் சுரங்கத்திலிருந்து கல் புறப்பட்டுக்கொண்டே இருந்தது.

காரணம் எளிது. சுரங்க மேலாளரின் ஆண்டு இலக்கு டன்னில் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் நாட்டின் கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது என்று கொண்டாடினோம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் என்பதை எந்த விளம்பரத்திலும் போடவில்லை. 17 டன் கல்லை எடுத்து வைக்கிற மேலாளர் தன் இலக்கில் 17 டன் குறைத்துக்கொள்கிறார். 2012 ஜனவரியிலிருந்து கரி விலை வெப்ப அளவின்படி 17 தரங்களாகப் பிரிந்திருப்பது உண்மைதான். பெரும்பாலான தரங்களில் ஒரு படிக்கு 300 கிலோகலோரி. நம் மனக்கணக்கில் வந்த 400 லாபம் ஒரு தரம் ஏறப் போதும். ஆனால் ஒரு தரம் ஏறியதால் கிடைக்கும் கூடுதல் விலை, குறைந்துபோன டன்னையும் எந்திரச் செலவையும் ஈடுகட்டினால்தான் அவர் அசைவார். பல சமயம் ஈடுகட்டாது. ரயில் கட்டணத்தில் மிச்சமாகும் பணம் வாங்குகிறவருக்குப் போகிறது, பிரிக்கும் செலவு விற்கிறவர் தலையில் விழுகிறது. 1997-ஆம் ஆண்டு விதி குறையுள்ளதாக இருந்தாலும், இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. 2020-ல் அந்த மேசையைத்தான் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அந்த முடிவை நான் ஏற்கவில்லை என்றேன்.

சாம்பலுக்குப் பழைய சதவீத வரம்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. எந்தக் கரிக்கும் ஒரே எண்ணைப் போட்டால் மறுபடி கலப்படம்தான் வளரும். சுரங்கத்தின் இலக்கை டன்னில் எழுதுவதை நிறுத்திவிட்டு, ரயிலில் ஏற்றிய வெப்பத்தின் அளவில் எழுதலாம். தூரத்துக்குப் போகும் ரேக்குகளில் மிச்சமாகும் கட்டணத்தில் ஒரு பங்கைச் சுரங்கத்துக்குத் தரலாம். மாதிரி எடுப்பதை ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் மூன்றாம் தரப்பு செய்யட்டும். ஈரத்தையும் சாம்பலையும் தனித்தனியே எழுதட்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, நிலக்கரி அமைச்சகமும் ரயில்வேயும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் போதும். காற்று மேசையா, எக்ஸ்-ரேயா, சீவும் எந்திரமா, அல்லது சில படுகைகளுக்குத் தண்ணீரேதானா என்பதை அந்தந்தச் சுரங்கத்துக் கரியை வாளியில் போட்டுப் பார்த்துவிட்டு அங்கே இருப்பவர்களே முடிவு செய்வார்கள்.

பேச்சுக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. தெர்மாக்ஸிலும் இங்குள்ள தேசிய வேதியியல் ஆய்வகமான என்சிஎல்லிலும் வேலை பார்ப்பவர்கள் சிலர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். என் மனக்கணக்கில் தவறு கண்டிருந்தால் அவர்களே முதலில் கேட்கட்டும்.